வாய் திறக்காத மகளுக்கு

பாப்பா,

நீ நேரத்துக்குப் பசியாறியிருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். உன் அப்பன் எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். போன வாரம் நீ போனில், "அப்பா, நம்ம எஸ்டேட் கிளினிக்குக்கே என்னைப் போடறேன்னு சொல்றாங்க, வரட்டுமா?" என்று கேட்டாய். அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டிருப்பாய். ஒட்டி ஒட்டிக் கட்டிய நம் லயத்து வீட்டுச் சுவர் எவ்வளவு மெல்லியது என்று உனக்கே தெரியும். நான் இந்தப் பக்கம் தும்மினால் அடுத்த வீட்டம்மா தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். இதை உனக்குத் தபாலில் அனுப்பப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சுவருக்குப் பயந்தவன் பத்திரிகைக்கு எழுதுகிறானே என்று சிரிக்காதே. அரைகுறையாகக் காதில் விழுவதற்குத்தான் நான் பயப்படுகிறேன். எல்லோரும் முழுதாகப் படித்துவிட்டால் பயம் இல்லை.

நான் இந்தத் தேயிலைத் தோட்டத்துக் கேட்டில் ஜாகா. வேறு ஊரில் இதைப் படிப்பவர்கள் காவல்காரன் என்று வைத்துக்கொள்ளட்டும். பிரிஞ்சாங் டவுன் பக்கமிருந்து ஏறி வரும் எந்தக் காடியும், காரோ லோரியோ, என் குறுக்குக் கம்பத்துக்கு முன்னால் நின்றுதான் ஆக வேண்டும். "பேர் என்னா, யாரப் பாக்கணும், என்னா வேலையா வந்தீங்க" என்று நான் கேட்பதை, நீ சின்னப் பிள்ளையில் பொம்மைகளை வரிசையாக நிறுத்திக் கேட்டு விளையாடுவாய். முதல் இரண்டுக்கும் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவது கேள்வியில்தான் ஆளின் லட்சணம் தெரியும். மனசில் கள்ளம் இருப்பவன் அதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்வான். லோரி டிரைவர்களிடம் காட்ட எனக்கு இன்னொரு வித்தையும் உண்டு. சந்தேகம் வந்தால் சத்தம் போட மாட்டேன். ஆபீஸிலிருந்து போன் வந்துவிட்டது, எல்லாம் தெரியும், நீயே சொல்லிவிட்டால் நல்லது என்று மெதுவாகச் சொல்வேன். போனும் வந்திருக்காது, ஒன்றும் வந்திருக்காது. பாதிப் பேர் தாங்களாகவே பின்கதவைத் திறந்து காட்டிவிடுவார்கள். என்னிடம் எந்த ரகசியமும் தங்காது என்று லயத்தில் பேர். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நல்லது செய்ய வந்திருக்கிறோம் என்று சொல்பவர்களைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் கூடும். இலவசக் கண்ணாடி கொடுக்க வந்தவர்கள், தேர்தலுக்கு முன்னால் அரிசி மூட்டையோடு வந்தவர்கள், கொழுந்து பறிக்கும் பெண்களைப் பிடித்து வைத்து வீடியோ எடுக்க வந்தவர்கள் என்று எத்தனையோ பேரை உள்ளே விட்டிருக்கிறேன். எல்லோரும் சிரித்த முகமாக வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், ரொட்டி கொடுத்தார்கள், போனார்கள். அதனால் போன வருஷம் உங்கள் பல்கலைக்கழக வேன் வந்து நின்றபோது, உள்ளே நீயே உட்கார்ந்திருந்தும், நான் கம்பத்தை உடனே தூக்கவில்லை. உன் லெக்சரர், அந்த மலாய்க்கார அம்மா, கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிரித்தார். மேல்படிப்புப் படிக்கும் பிள்ளைகள், மனநலப் படிப்பு, உங்கள் கிளினிக்கில் பல மாதம் பயிற்சி என்றார். மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாகத்தான் பதில் சொன்னார். இருந்தாலும் அவருடைய கைப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் விட்டேன்.

நீங்கள் செய்ய வந்தது என்ன என்று எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு நம் ஆள் யாரும் கிளினிக் வாசலை மிதிக்க மாட்டான். முதுகு வலி என்பான், கிறுகிறுப்பு என்பான், சர்க்கரை வியாதிக்கு, அதாவது இனிப்பு நீருக்கு, மாத்திரை தீர்ந்துவிட்டது என்பான். மனசுக்கென்று தனி அறையும் பலகையும் வைத்தால் அந்தப் பக்கம் காக்காய்கூடப் போகாது. அதனால் மருந்து கொடுக்கும் டிரசருக்குப் பக்கத்து நாற்காலியிலேயே நீங்கள் உட்கார்ந்து, ரத்தக் கொதிப்பு பார்க்கும்போதே சாப்பாடு, தூக்கம், வீட்டு நிலவரம் என்று பேச்சுக் கொடுப்பது. பேச வேண்டிய ஆள் என்று தெரிந்தால் அப்போதே உள்ளே கூட்டிப்போய்ப் பேசுவது. வாரத்துக்கு ஒரு தடவை வரும் டாக்டர், டிரசர், நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே ஆளைப் பார்ப்பது. யார் காய்ச்சலுக்கு வந்தார், யார் கவலையோடு வந்தார் என்று வெளியில் நிற்பவனுக்குத் தெரியாது. கேட்டில் நின்று பழகியவன் என்ற முறையில், இந்த ஏற்பாட்டில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருப்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உங்களுக்கு அறை கொடுத்தது யார்? மேனேஜர். வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து இன்றைக்கு வரை ஆபீஸ் எதையும் சும்மா கொடுத்து நான் பார்த்ததில்லை. கிளினிக் ஜன்னல் வேறு ஆபீஸைப் பார்த்தபடி இருக்கிறது. எவன் குடிக்கிறான், எவன் வேலையை விட்டுவிட்டுத் திரிங்காப் காய்கறித் தோட்டத்துக்கு ஓடப் பார்க்கிறான் என்று உங்கள் மூலமாகத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்களோ என்று உறுத்தியது. லெக்சரரிடம் நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஆபீஸுக்கு ஒரு வார்த்தை போகாது, அதைப் பேசி முடித்த பிறகுதான் அறையை வாங்கினோம் என்றார். மாணவர்கள் தன்னிடம் பேசும்போதுகூட நோயாளியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்றார். பெயர் எதற்கு, மகன் சிங்கப்பூரில், மருமகளோடு பேச்சு வார்த்தை இல்லை என்று சொன்னாலே இங்கே எந்த வீடு என்று தெரிந்துவிடும் என்றேன். அதனால்தான் இங்கே கூட்டி வந்தேன் என்றார். பட்டணத்தில் நோயாளியைக் கோயிலில் பார்க்க நேராது, கடையில் பார்க்க நேராது. இங்கே தினமும் நேரும். வாயைக் கட்டப் பழகுவதும் இவர்களுக்குப் பாடம்தான் என்றார். பதில் நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததும் எனக்கு ஒரு சந்தேகம்தான்.

அவர் கேட்ட ஒன்றுக்கு மட்டும் நான் இடம் கொடுக்கவில்லை. மற்றப் பிள்ளைகளோடு நீயும் பிரிஞ்சாங்கில் வாடகை வீட்டில் தங்கினால் நல்லது என்றார். சொந்த வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வயசுப் பிள்ளை டவுனில் தங்குவதா, இரவுச் சந்தைக்கு வரும் கூட்டம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா என்று பேசி, உன் அம்மாவையும் பேச வைத்து, உன் பெட்டியை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டேன். நீ எதிர்த்துப் பேசவில்லை. முகத்தில் ஒரு தயக்கம் மட்டும் இருந்தது. டவுனில் எவனையாவது பார்த்து வைத்திருக்கிறாயோ என்று நான் அதையும் சந்தேகப்பட்டேன். நீ வேலையை நினைத்துத் தயங்கினாய் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இனி மணியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பெயரைப் போட்டு எழுத அவனே சம்மதம் கொடுத்திருக்கிறான். ஃபேக்டரியில் இலை அரைக்கும் மெஷினில் வேலை செய்பவன், பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குக் கூட்டாளி. வேலை முடிந்தால் நேராகக் கேட்டடியில் என் கொட்டகைக்கு வந்து, பால் போடாத தே-ஓ குடித்துக்கொண்டு, பாட்டில் மூடிகளைக் காய்களாக வைத்து என்னோடு டாம் ஆடுவான். தோற்றால் பலகை கோணல் என்பான். நீங்கள் வந்த கொஞ்ச நாளில் அவன் இனிப்பு நீர் மாத்திரை வாங்கக் கிளினிக்குக்குப் போனான். உன் நாற்காலியைத் தாண்டித்தான் மருந்து. வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தான். கேட்டிலிருந்து பார்த்தால் கிளினிக் வாசல் தெரியும், நான் வேண்டுமென்று பார்க்கவில்லை. அன்று சாயந்தரம் கொட்டகைக்கு வந்தவனிடம், எல்லோரிடமும் கேட்பதுபோல, என்னடா ராத்திரி தூக்கம் வருதா என்று கேட்டேன். நான் யாரைத்தான் அப்படிக் கேட்டதில்லை? ஜாகாவுக்குத் தூக்கத்தை விட்டால் வேறு என்ன பேச்சு? மணியம் மூடியைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தான். ஆட்டத்தைப் பாதியில் போட்டுவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்து போனான். அதற்கப்புறம் வரவே இல்லை. என் கேட்டைத் தாண்டக் கூடாது என்பதற்காகத் தேயிலைக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான்.

எனக்கு மண்டை வெடித்தது. உன்னிடம் என்னைப் பற்றித்தான் ஏதோ கோள் சொல்லியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். சாப்பிடும்போது உன்னிடம் கேட்டேன். நீ மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "கிளினிக்ல யார் வந்தாங்க போனாங்கன்னு வீட்ல பேச மாட்டேன்பா" என்றாய். மறுநாள் சுற்றி வளைத்துக் கேட்டேன். அதே பதில். பிறகுதான் லோரிக்காரர்களிடம் காட்டும் வித்தையை உன்னிடம் காட்டினேன். குரலைத் தாழ்த்தி, "மணியம் என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான் பாப்பா. பாவம் லா அவன்" என்றேன். அத்தனையும் பொய். உன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமைகூட ஆடவில்லை. "மனசு விட்டுப் பேச ஆள் இருந்தா யாருக்கும் நல்லதுதானேப்பா. ரசம் ஊத்தவா?" என்றாய்.

எந்த டிரைவரும் என்னிடம் அப்படித் தப்பித்ததில்லை. மணியம் கிளினிக்குக்கு வந்தானா என்பதுகூட அந்தப் பதிலில் இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற அப்பனிடம் இதை மறைக்கிற பிள்ளை இன்னும் எதையெல்லாம் மறைக்குமோ என்று உன் அம்மாவிடம் கத்தினேன். சில நாள் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ வழக்கம்போல என் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனாய்.

மணியம் என்னை மட்டும் ஒதுக்கவில்லை, கிளினிக்கையே ஒதுக்கிவிட்டான் என்பது எனக்குத் தெரியாது. மாத்திரையை நிறுத்திவிட்டான். பூட்ஸ் உரசி வந்த புண்ணில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறான். இனிப்பு நீர்க்காரன் கால் புண்ணை மறைத்தால் என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரசர் காதுக்கு எட்டி, டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோது, பெருவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அன்று நீ வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதாய். ஏன் அழுகிறாய் என்று அம்மா எவ்வளவோ கேட்டும் நீ சொல்லவில்லை. யாருக்காக அழுகிறாய் என்று லயத்துக்கே தெரிந்திருக்கும், அப்போதும் உன் வாயில் அந்தப் பெயர் வரவில்லை. நானும் அன்று கேட்கவில்லை.

உங்கள் பயிற்சி முடிந்து, வேன் மலை இறங்கிப் போய், சில வாரம் கழித்து மணியம் கம்பை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். டாம் பலகையைத் தொடவில்லை. "ஒண்ணு கேக்குறேன், பொய் பேசாம சொல்லு. அன்னிக்கி ஒம் மக ஒங்கிட்ட சொன்னிச்சா இல்லியா?" என்றான். எதை என்று கேட்டேன். தூக்கமே வருவதில்லை என்று அன்றைக்குக் காலையில்தான் உன்னிடம் முதல்முதலாக வாயைத் திறந்திருக்கிறான். சாயந்தரம் வந்தால் நான் அதையே கேட்கிறேன். அப்பனும் மகளும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் தன் கதையைப் பேசிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். நீ சொல்லவில்லை, நானும் அறிந்து கேட்கவில்லை, ஆனால் ஒரு விரல் போய்விட்டது.

சத்தியம் செய்தால் அவன் நம்ப மாட்டான் என்று எனக்குத் தெரியும். நானும் நம்பியிருக்க மாட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி சொன்னேன். நேராகக் கேட்டது, வளைத்துக் கேட்டது, பொய் சொல்லிக் கேட்டது, கடைசியில் ரசம் ஊற்றியது வரை. மணியம் முதலில் என்னை முறைத்தான். ரசத்துக்கு வந்ததும் சிரிக்கத் தொடங்கினான், கம்பு நழுவி விழுகிற அளவுக்குச் சிரித்தான். "ஒன்னாலயே வாங்க முடியலியா?" என்றான். முடியவில்லை என்றேன். என் யோக்கியத்தை அவன் நம்பவில்லை பாப்பா, நான் தோற்றதைத்தான் நம்பினான்.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்க நீ போகாமல், உன்னோடு படித்த கிளந்தான் மாநிலத்துப் பையனை அனுப்பும்படி லெக்சரரிடம் கேட்டாய் என்பதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத பையன். அப்படியானால் அந்தப் பையனே போதுமே, என் மகள் எதற்கு என்று கேட்டேன். மணியம் காலைத் தடவிக்கொண்டான். "நல்ல பையன் லா. மலாய்ல பேச முடிஞ்சிச்சி. அழுவத்தான் வரல" என்றான். பிறகு சொன்னான்: "ஒம் மகதான் வரணும். ஆனா அது ஒன் வீட்ல சாப்ட்டு ஒன் வீட்ல படுக்குற வரைக்கும் இங்க ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். நானே தொறக்க மாட்டேன்."

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வா, பாப்பா. ஆனால் நம் வீட்டில் தங்காதே. பிரிஞ்சாங்கில் ஒரு அறை பார்த்துக்கொள். உன் அம்மா உன் அறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்து மாட்டிவிட்டாள். இதைச் சொன்னதும் அவள் என்னோடு சண்டைக்கு வந்தாள். கல்யாணம் ஆகாத பிள்ளை, வீடு இருக்கும்போது டவுனில் தனியாக இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அழுதாள். பேசுவார்கள்தான். அவள் இன்னும் சமாதானம் ஆகவில்லை. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? வேலை முடிந்து வரும்போது வாசலில் உன் செருப்பு கிடந்த அந்த மாதங்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உன்னிடம் சொன்னதே இல்லை. உன்னோடு பேசாமல் முறைத்துக்கொண்டு இருந்த நாட்களில்கூட, நீ வந்துவிட்டாயா என்று செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன்.

வருவதற்கு முன்னால் சிலதைத் தீர விசாரித்துக்கொள். உன் சம்பளம் எஸ்டேட் ஆபீஸ் கொடுப்பதாக இருந்தால் வராதே, அரசாங்கம் கொடுத்தால் வா. மேனேஜர் தே குடிக்கக் கூப்பிட்டால் போகலாம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குடி. அந்த ஜன்னலுக்குத் திரை கேட்டு வாங்கு, அம்மா தைத்தது சும்மாதான் இருக்கிறது. கிளினிக்கில் உன்னிடம் வந்தவர்களைக் கோயிலில் கண்டால் நீயாக முந்திக்கொண்டு சிரிக்காதே, அவர்கள் சிரித்தால் சிரி. மிகவும் நல்லவர்களாகப் பேசுகிறவர்களை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார். உன் லெக்சரரை மட்டும் நான் ஒருவாறு நம்பத் தொடங்கிவிட்டேன், இதை அவரிடம் சொல்லிவிடாதே.

லயத்தில் இதைப் படிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். என் மகள் உங்களில் யாரைப் பற்றியும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கேட்காமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள், என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மணியம் அவளிடம் மேற்கொண்டு என்ன பேசினான் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று இன்றைக்கும் அரிக்கிறது. கொட்டகையில் என் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டேன். இப்போது அது ரோட்டைத்தான் பார்க்கிறது, கிளினிக்கை அல்ல. சந்தேகம் இருந்தால் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பாப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வா. அம்மா கோபத்தோடாவது மீன் வாங்கி வைப்பாள். கேட்டில் எல்லாக் காடியையும் போல உன்னையும் நிறுத்துவேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். பேர் என்ன என்று கேட்பேன், சொல். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பேன். அப்பாவை என்று நீ சொல்வதைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது. மூன்றாவது கேள்வியை மட்டும் இனி உன்னிடம் கேட்க மாட்டேன்.

அப்பா